இறக்கத்தைப் பார்த்து நிற்கும் வண்டி

ஊட்டிப் பக்கம் பழைய வண்டி வைத்திருப்பவர்கள் ராத்திரி அதை எப்படி நிறுத்துகிறார்கள் என்று கவனித்திருக்கிறீர்களா? மூக்கு இறக்கத்தைப் பார்க்கும்படிதான் நிறுத்துவார்கள். காலையில் செல்ஃப் எடுக்காவிட்டால் ஹேண்ட்பிரேக்கை விட்டு, நாலடி உருளவிட்டு, இரண்டாவது கியரில் கிளட்சை விட்டால் போதும். தள்ள ஆள் தேட வேண்டியதில்லை. இது எனக்குப் புரிய 2019 டிசம்பர் ஆகிவிட்டது. அதுவரை நான் ஏற்றத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டிருந்தேன், காலையில் கதவைத் திறந்தால் நேராக வீட்டுப் படி வரும் என்பதற்காக.

வீடு ஊட்டியை ஒட்டிய தலைக்குந்தாவில். வண்டி 1997 மாடல் மாருதி எண்ணூறு, வெள்ளை, டி.என். 38. மூன்று சிலிண்டர், கார்புரேட்டர், சோக் இழுத்துக் கிளப்ப வேண்டிய ரகம். கோயம்புத்தூர்ச் சித்தப்பா 2016-இல் கண் ஆபரேஷன் முடிந்ததும், "இனி நான் ஓட்டப்போறதில்ல, நீ கொண்டு போ" என்று சாவியைக் கொடுத்துவிட்டார். ஆர்.சி. இதுவரை மூன்று முறை புதுப்பித்தாயிற்று. "இன்னுமா இதை வெச்சிருக்கீங்க?" என்று ஸ்டாஃப் ரூமில் கேட்காத ஆள் இல்லை.

அன்றைக்கு அரையாண்டுத் தேர்வின் முதல் நாள். பள்ளி ஆறு கிலோமீட்டர்தான், ஆனால் கேள்வித்தாள் கட்டைப் பிரிக்கும்போது நான் அங்கே நின்றாக வேண்டும். வெளியே வந்தால் புல் முழுக்க வெள்ளை. வண்டியின் கூரையில் கல்லுப்பைக் கொட்டிப் பரப்பியது போலப் பனி. முந்தின நாள் செய்தியில் குறைந்தபட்சம் 2 டிகிரி என்றுதான் சொன்னார்கள். 2 டிகிரியில் எப்படி ஐஸ் கட்டும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து மேகமே இல்லாத இரவுகளில், திறந்த வானத்தைப் பார்த்துக் கிடக்கும் புல்லும் தகரமும் தங்கள் சூட்டை மேலே விட்டுவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடக் குளிர்ந்துபோகும். தலைக்குந்தா பள்ளமான இடம் வேறு. குளிர்ந்த காற்று தண்ணீர் மாதிரி வழிந்து வந்து இங்கேதான் தேங்கும். பக்கத்து வீட்டில் சில்வர் ஓக் மரத்தடியில் நின்ற ஸ்கூட்டரில் ஒரு பொட்டுப் பனி இல்லை. பத்தடி தள்ளி என் வண்டி வெள்ளையடித்து நின்றது.

சாவியைத் திருப்பினேன். 'கிர்ர்' என்று ஒரு முனகல். இரண்டாவது தடவை அதில் பாதி. மூன்றாவது தடவை 'டக்' என்ற ஒற்றைச் சத்தம், டேஷ்போர்டு விளக்குகளும் மங்கிவிட்டன.

எதிர்வீட்டு மிலிட்டரி அண்ணன் மங்கி கேப்போடு கையில் டீ டம்ளருடன் வந்தார். ராணுவத்தில் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ஏற்றத்தைப் பார்த்து நிற்கும் வண்டியை ஒரு முறை பார்த்தார், என்னை ஒரு முறை பார்த்தார். "டீச்சரம்மா, இதைத் திருப்பி நிறுத்தியிருந்தா நான் டீயக் குடிச்சிருப்பேன்" என்றார். அப்புறம் அவரும் பால்காரப் பையனும் சேர்ந்து வண்டியைப் பின்பக்கமாக உருட்டி, ரோட்டில் திருப்பி, இறக்கத்தில் தள்ளிவிட்டார்கள். இரண்டாவது குலுக்கலில் பிடித்துக்கொண்டது. கேள்வித்தாள் கட்டுக்கு இரண்டு நிமிடம் முன்னால் போய்ச் சேர்ந்தேன், கை முழுக்கப் பனி ஈரத்தோடு.

சாயங்காலம் ஃபிங்கர்போஸ்ட் பக்கம் மெக்கானிக் பாயிடம் கொண்டு போனேன். பாய் எதையும் உடனே மாற்றச் சொல்லும் ஆள் இல்லை. பேட்டரி மூடிகள் ஆறையும் கழற்றி, ரப்பர் குமிழ் வைத்த கண்ணாடிக் குழாயால் ஒவ்வொரு செல்லிலிருந்தும் ஆசிடை உறிஞ்சி, உள்ளே மிதக்கும் குச்சி எவ்வளவு எழும்புகிறது என்று பார்த்தார். நல்ல சார்ஜில் இருந்தால் கிராவிட்டி, அதாவது தண்ணீரோடு ஒப்பிட்ட ஆசிடின் அடர்த்தி, 1.260-க்கு மேல் நிற்க வேண்டும். ஐந்து செல் 1.240 அளவில் இருந்தது. ஆறாவதில் குச்சி அடியிலேயே உட்கார்ந்துவிட்டது. 1.120.

"ஒரு செல் போச்சு டீச்சர்."

"ரெண்டரை வருஷம்கூட ஆகல பாய். குளிர்ல போயிடுச்சா?"

"குளிர் எங்க கெடுக்குது. கோடை லீவுல வண்டி எங்க இருந்துச்சு?"

ஏப்ரல், மே இரண்டு மாதமும் சித்தப்பா வீட்டு மொட்டை வெயிலில், கோயம்புத்தூரில். நான் அம்மாவைப் பார்த்துக்கொள்ளப் போனவள், வண்டியை மறந்தேவிட்டேன். பேட்டரியில் டிஸ்டில்டு வாட்டர், உள்ளே இருக்கும் ஈயப் பிளேட்டுக்குக் கீழே இறங்கியிருந்ததை ஜூனில் திரும்பி வந்துதான் பார்த்தேன். ஊற்றினேன், ஓடியது, சரியாகிவிட்டது என்று நினைத்தேன். வெயிலில் காய்ந்த பிளேட் அன்றைக்கே பாதி செத்துவிட்டது. ஊட்டியின் ஆகஸ்ட், செப்டம்பர் அதைக் கேள்வி கேட்கவில்லை, டிசம்பர் கேட்டுவிட்டது. பாய் சொன்ன கணக்கு இப்படி: பூஜ்ஜியம் டிகிரிக்குப் போனால் நல்ல பேட்டரியே தன் இழுக்கும் பலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை இழந்துவிடும். அதே நேரத்தில் எஞ்சின் ஆயில் கெட்டியாகி, செல்ஃப் மோட்டாருக்கு வழக்கத்தைவிட அதிக பலம் வேண்டியிருக்கும். வரவு குறையும்போது செலவு கூடினால் யார் வீட்டில்தான் தாங்கும்?

ஆயிலையும் அன்றைக்கே மாற்றினார். சித்தப்பா காலத்திலிருந்து 20டபிள்யூ-40 ஊற்றிக்கொண்டிருந்தோம். அந்த 'டபிள்யூ' வின்டரைக் குறிக்கிறது என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். முன்னால் உள்ள எண் குறையக் குறைய, குளிரில் ஆயில் சுலபமாக ஓடும். 10டபிள்யூ-30 ஊற்றியபின் காலையில் எஞ்சின் சுற்றும் சத்தமே வேறு.

வீட்டுக்கு வந்து மிலிட்டரி அண்ணனிடம் விஷயத்தைச் சொன்னால், அவர் லடாக்கில் லேயில் இருந்த கதையை எடுத்துவிட்டார். அங்கே ராத்திரி பேட்டரியைக் கழற்றி, ஆட்கள் தூங்கும் இடத்துக்குள்ளேயே கொண்டு போய் வைப்பார்களாம். சில இரவுகளில் இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை எழுந்து லாரிகளை ஓடவிட்டு நிறுத்துவார்களாம். நன்றாகச் சார்ஜ் ஏறிய பேட்டரிக்குள் இருக்கும் ஆசிட் மைனஸ் 50-க்குக் கீழே போனாலும் உறையாது. சார்ஜ் இறங்க இறங்க ஆசிட் பிளேட்டுக்குள் போய்விடும், மிச்சம் கிட்டத்தட்ட வெறும் தண்ணீர்தான். அது மைனஸ் 10-க்கு முன்பின்னாகவே உறைந்து, டப்பாவையே பிளந்துவிடும். "டவுனான பேட்டரிய அங்க யாரும் வெளிய விட மாட்டோம்மா. காலைல ரெண்டு துண்டாக் கிடக்கும்" என்றார். நமக்கு இங்கே அந்தப் பயம் இல்லை. எங்கள் பள்ளத்திலேயே மைனஸ் ஒன்று, இரண்டு என்று தொட்டுவிட்டு வெயில் வந்ததும் ஏறிவிடும்.

புது பேட்டரியோடு 250 ரூபாய்க்கு ஒரு மல்டிமீட்டரும் வாங்கினேன். கணக்கு டீச்சர் இல்லையா, எண் இல்லாமல் எதையும் நம்ப மாட்டேன். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், சாவி போடுவதற்கு முன்னால் 12.6 வோல்ட் காட்டினால் வயிறு நிறைந்திருக்கிறது. 12.4 என்றால் கவனிக்க வேண்டும். 12.2 என்றால் பாதி காலி. எஞ்சின் ஓடும்போது 13.8-லிருந்து 14.4-க்குள் நிற்க வேண்டும், அதற்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையோ அதைச் சுற்றும் பெல்ட்டையோ பார்க்க வேண்டும். ஒரு மாதம் நோட்டில் எழுதிப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. திங்கள் 12.6-இல் ஆரம்பித்து வெள்ளிக்கிழமை 12.4-க்கு வந்து நிற்கிறது. காரணம் அந்த ஆறு கிலோமீட்டர். காலை மஞ்சு மூட்டத்தில் ஹெட்லைட், வைப்பர், புளோயர் மூன்றும் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் ஓட்டினால், செல்ஃப் எடுத்துக்கொண்டதை ஆல்டர்னேட்டரால் திருப்பி வைக்க முடியவில்லை. ஆகவே பனிக்காலத்தில் ஞாயிற்றுக்கிழமை பைக்காரா வரை ஒரு ஓட்டம். வீட்டில் இதை நான் ஊர் சுற்றுவதாகச் சொல்கிறார்கள். பேட்டரி வைத்தியம் என்று நான் சொல்கிறேன்.

டெர்மினலில் வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருக்கும் உப்பையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஆப்ப சோடாவைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் நுரைத்துக்கொண்டு போய்விடும். மூடிகள் இறுக்கமாக இருக்க வேண்டும், கரைசல் செல்லுக்குள் இறங்கக் கூடாது. காய்ந்தபின் கிளாம்பை இறுக்கி, மேலே வாசலின். அப்புறம், சார்ஜர் வாங்கியவர்கள் தயவுசெய்து பேட்டரியை வீட்டுக்குள் கரிச்சட்டி பக்கத்தில் வைத்துச் சார்ஜ் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜன் வரும், அது தீப்பிடிக்கும் வாயு. நான் வைத்தேன். அண்ணன் வந்து பார்த்துவிட்டுப் போட்ட சத்தத்தில் அந்தத் தெருவே விழித்துக்கொண்டது.

இதற்கெல்லாம் முன்னால், வண்டி மலையேறி வந்த முதல் பனிக்காலத்தில் வேறொரு கூத்து நடந்தது. பெட்ரோல் கன்னாபின்னாவென்று குடித்தது. ஹீட்டரைப் போட்டால் வெளிக்காற்றைவிட ஒரு சொட்டுதான் வெதுவெதுப்பு. டெம்பரேச்சர் முள் எழுந்திருக்கவே இல்லை. ஒரு நாள் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், உள்பக்கம் மோர்க்குழம்பு நிறத்தில் பசை அப்பியிருந்தது. ஊரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினேன். மூடியைப் பார்த்த மாத்திரத்தில், "ஹெட் கேஸ்கட் போயிடுச்சு மேடம், தண்ணி ஆயில்ல கலக்குது, ஹெட்டை இறக்கணும்" என்று ஒன்பதாயிரம் சொன்னார்கள். எஞ்சினின் மேல்பாதியான ஹெட்டுக்கும் கீழ்ப்பாதிக்கும் நடுவே கசிவைத் தடுக்கும் தகடுதான் கேஸ்கட். அழாத குறையாகத் திரும்பி வந்தேன். பாயை அறிமுகப்படுத்தியதே அந்த ஒன்பதாயிரம்தான்.

பாய் டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தார். ஆயில் கருப்பாக, சுத்தமாக இருந்தது. ரேடியேட்டரில் எண்ணெய்ப் படலம் இல்லை. தண்ணீரும் குறையவில்லை. வண்டியைக் கிளப்பச் சொல்லிவிட்டு, ரேடியேட்டருக்குப் போகும் மேல் ஹோஸின் மேல் கையை வைத்துக்கொண்டு நின்றார், நாடி பார்ப்பது போல. ஒழுங்கான வண்டியில் அந்த ஹோஸ் கொஞ்ச நேரம் குளிர்ந்தே இருக்கும். எஞ்சின் 80 டிகிரியைத் தாண்டியபின்தான் தெர்மோஸ்டாட் என்ற வால்வு திறந்து, சூடான தண்ணீர் சட்டென்று பாய வேண்டும். என் வண்டியில் கிளப்பியதிலிருந்தே லேசாக, சீராகச் சூடேறிக்கொண்டு வந்தது. இரண்டு போல்ட்டைக் கழற்றி தெர்மோஸ்டாட் இருக்க வேண்டிய ஹவுசிங்கைத் திறந்தார். உள்ளே ஒன்றுமே இல்லை.

கீழே சமவெளியில் இது சாதாரணமாம். வெயில் காலத்தில் வண்டி சூடேறினால், ரேடியேட்டரைச் சுத்தம் செய்வதற்குப் பதில் தெர்மோஸ்டாட்டைப் பிடுங்கிப் போட்டுவிடுவார்கள். அங்கே அதோடு ஓட்டிவிடலாம். இங்கே எஞ்சின் கடைசிவரை சூடாகவே ஆகாது. எரிபொருள் எரியும்போது உண்டாகும் ஈரம் ஆவியாகி வெளியேற வழியில்லாமல், குளிர்ந்த மூடியில் படிந்து ஆயிலோடு குழைந்துவிடும். மோர்க்குழம்பு அதுதான். கேஸ்கட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை.

புது தெர்மோஸ்டாட்டை மாட்டுவதற்கு முன் டீ போடும் பாத்திரத்தில் நூல் கட்டித் தொங்கவிட்டுக் கொதிக்கவைத்தார். மெல்ல வாயைத் திறந்தது. எங்கள் உயரத்தில் தண்ணீர் 92, 93 டிகிரியிலேயே கொதித்துவிடும், அதற்குமேல் சூடேறாது. இது 82-இல் திறக்கும் ரகம் என்பதால் இந்தச் சோதனை செல்லுபடியாகும்.

அதே உயரம்தான் ரேடியேட்டர் மூடியையும் முக்கியமாக்குகிறது. ஊட்டியில் குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பது எல்லோருக்கும் தெரியும். ரேடியேட்டர் மூடி அந்தக் குக்கர் வெயிட்டேதான். மேலே 0.9 என்று போட்டிருக்கும். அந்த அழுத்தத்தைப் பிடித்துவைத்தால் இங்கேயும் தண்ணீர் 115 டிகிரிவரை கொதிக்காமல் தாங்கும். மூடியின் ரப்பர் வாஷர் காய்ந்து வெடித்திருந்தால் 93-லேயே கொதித்து வழிந்துவிடும். நூறு, இருநூறு ரூபாய்ச் சாமான். மாற்றத் தயங்கிக் கேஸ்கட்டைத் தொலைத்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

சரி, கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்க ரேடியேட்டரில் ஊற்றும் திரவம். சித்தப்பா இருபது வருடம் போர்வெல் தண்ணீரைத்தான் ஊற்றியிருக்கிறார். பாய் டிரெயின் பிளக்கைத் திறந்ததும் காவி வேட்டி துவைத்த தண்ணீர் மாதிரி கொட்டியது. கிளீனர் ஊற்றி, ஓடவிட்டு, வடித்து, நல்ல தண்ணீர் ஊற்றி, மறுபடி வடித்து, நான்காவது தடவைதான் தெளிந்தது. ஹோஸ்களைப் பிதுக்கிப் பார்த்தால் ஒன்று கருவாடு மாதிரி முறுமுறுத்தது, அதையும் மாற்றினோம்.

கூலன்டைத் தண்ணீர் கலக்காமல் அப்படியே ஊற்றினால் இன்னும் நல்லதுதானே என்று நான் கேட்டேன். நிறையப் பேர் அப்படித்தான் நினைக்கிறார்கள். கூலன்டின் மூலப்பொருளான எத்திலீன் கிளைகால் தனியாக இருந்தால் மைனஸ் 13 வாக்கிலேயே உறைந்துவிடும். சரிபாதி தண்ணீர் சேர்த்தால் மைனஸ் 37 வரை தாங்கும். சூட்டைக் கடத்துவதிலும் தண்ணீர்தான் கெட்டிக்காரி. ஆகவே பாதிக்குப் பாதி, அதுவும் டிஸ்டில்டு வாட்டர். ஏற்கெனவே கலந்து விற்கும் கேன் என்றால் அப்படியே ஊற்ற வேண்டியதுதான், லேபிளைப் படிக்காமல் மறுபடி தண்ணீர் கலப்பவர்களும் உண்டு. பச்சை, சிவப்பு எல்லாம் சாயம், நிறத்தைப் பார்த்துப் பலத்தைச் சொல்ல முடியாது. எங்கள் குளிருக்கு மைனஸ் 37 எதற்கு என்று கேட்கலாம். பனியில் எஞ்சின் வெடித்து நான் ஊட்டியில் பார்த்ததில்லை. எனக்கு அது துருவுக்கான மருந்து. இரும்பும் அலுமினியமும் ஒரே தண்ணீரில் கிடந்தால் அரிக்கும், கூலன்டில் அதைத் தடுக்கும் மருந்து இருக்கிறது. அந்த மருந்துக்கும் ஆயுள் உண்டு, நான் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை மாற்றுகிறேன்.

ஊற்றும்போது மட்டும் வண்டியின் மூக்கு ஏற்றத்தைப் பார்த்து நிற்க வேண்டும். ரேடியேட்டர் வாய் உச்சியில் இருந்தால்தான் உள்ளே மாட்டிய காற்று மேலே வரும். குளிர்ந்த எஞ்சினை மூடி போடாமல் கிளப்பி, ஹீட்டரைத் திறந்து வைத்து, மேல் ஹோஸைப் பிதுக்கிப் பிதுக்கி விட்டால் 'குளுக் குளுக்' என்று குமிழ் வரும். குமிழ் நின்றபின் நிரப்பி மூட வேண்டும். வடித்த பழைய கூலன்டைச் சாக்கடையில் விடாதீர்கள். இனிப்பாக இருக்கும், நாய் நக்கும், நக்கினால் சிறுநீரகம் போய்விடும். போன தடவை நான் வாளியை வைத்துவிட்டுத் துணி எடுக்க உள்ளே போய்த் திரும்பினால், பக்கத்து வீட்டுக் கருப்பன் வாளிக்குள் மூக்கை நீட்டிக்கொண்டிருந்தான். செருப்பை எறிந்தேன். ஒரு வாரம் என்னோடு பேசவில்லை, நாய்.

நானே செய்த மடத்தனம் ஒன்றையும் எழுதிவிடுகிறேன். லாரிக்காரர்கள் பனிக்காலத்தில் ரேடியேட்டருக்கு முன்னால் சாக்குத் தொங்கவிடுவார்கள், எஞ்சின் சீக்கிரம் சூடாக. 2021 ஜனவரியில் நானும் ஒரு அட்டையை வெட்டி கிரில்லுக்குப் பின்னால் சொருகினேன். ஹீட்டர் பிரமாதம். அந்த வாரக் கடைசியில் மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். இறங்கும்போது ஒன்றும் தெரியவில்லை. மத்தியான வெயிலில் நாலு பேரோடு கல்லாறு தாண்டி மலையேற ஆரம்பித்ததும் முள் எழுந்தது. பர்லியார் வருவதற்குள் சிவப்பைத் தொட்டுவிட்டது. ஹீட்டரை முழு வேகத்தில் போட்டு, கண்ணாடிகளை இறக்கிவிட்டேன். ஹீட்டரும் ஒரு குட்டி ரேடியேட்டர்தான், எஞ்சின் சூட்டில் கொஞ்சத்தை நம் முகத்தில் இறக்கிவிடும். பின்சீட்டில் பட்டுப்புடவையோடு இருந்த அத்தை என்னை என்ன திட்டு திட்டியிருப்பார் என்று சொல்லத் தேவையில்லை. பர்லியாரில் பழக்கடை ஓரம் ஒதுக்கி, பானெட்டைத் தூக்கிவிட்டு முக்கால் மணி நேரம். கடைக்கார அக்கா தண்ணீர்க் குடத்தோடு வந்து, "மூடியத் திறந்து ஊத்தும்மா" என்றார். சூடாக இருக்கும்போது மூடியில் கை வைக்கவே கூடாது, அழுத்தத்தில் கொதிநீர் முகத்துக்குத்தான் வரும். அவரைச் சமாதானப்படுத்தி, கொஞ்சம் பழம் வாங்கி உரித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, அத்தைதான் கிரில் வழியாக எட்டிப் பார்த்து, "இதென்னடி உள்ள, பிஸ்கட் பெட்டி அட்டையா?" என்றார்.

அட்டையை அதோடு விட்டுவிட்டேன். இப்போது ராத்திரி பானெட் மேல் ஒரு பழைய கம்பளியும், கண்ணாடி மேல் உருளைக்கிழங்குச் சாக்கும் போடுகிறேன். பனி சாக்கில் படியும், கண்ணாடியில் படியாது. காலையில் கொதிநீர் ஊற்றிக் கண்ணாடியை விரிசல் விடவைக்கும் வேலையும் இல்லை.

நாளைக்கு மறுபடி அரையாண்டுத் தேர்வு தொடங்குகிறது. வானத்தில் ஒரு மேகம் இல்லை, நட்சத்திரமாகக் கொட்டிக் கிடக்கிறது, அதாவது காலையில் பனி நிச்சயம். சற்று முன்தான் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தேன். 12.63. கூலன்ட் பாட்டிலில் மேல்கோட்டுக்கு ஒரு நூல் கீழே. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வண்டியை இறக்கத்தைப் பார்த்துத்தான் நிறுத்தியிருக்கிறேன்.